ஐன்ஸ்டீனுக்குக் கிடைத்ததும் எவர்ஷெட்டுக்குக் கிடைக்காததும்

கொடைக்கானலில் ஒருவரைத் தூக்கி வைக்கவும் ஐன்ஸ்டீன் வேண்டும், மட்டம் தட்டவும் ஐன்ஸ்டீன் வேண்டும். பள்ளங்கிப் பக்கம் ஒரு பையன் இருக்கிறான். கேரட் கழுவும் இயந்திரத்தில் பெல்ட் வழுக்கிக்கொண்டே இருந்தது. புல்லியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, அறுவடை முடியும் வரை ஓட வைத்துவிட்டான். அன்று முதல் அவன் "நம் ஊர் ஐன்ஸ்டீன்". அதே பையன் கிராம சபையில் எழுந்து, குடிநீர்க் குழாயை இந்த வழியாகக் கொண்டுபோனால் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது என்றான். "பெரிய ஐன்ஸ்டீன், சொல்ல வந்துவிட்டார்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். (தண்ணீர் ஏறவில்லை என்பது வேறு கதை.)

நான் மூஞ்சிக்கல் பக்கம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவன். இந்தப் பெயர் காதில் விழாமல் எனக்கு ஒரு வாரமும் போவதில்லை. மகனைச் சேர்க்க வரும் அப்பாக்கள் "ஐன்ஸ்டீன் ஆக்க வேண்டாம் சார், பாஸ் ஆக்கிவிட்டால் போதும்" என்கிறார்கள். ஏரிக்கரைக் கடைகளில் அவர் நாக்கை நீட்டிக்கொண்டு பனியனில் தொங்குகிறார், சே குவேராவுக்கும் புலிக்கும் நடுவில்.

ஆள் பெயரைக் குணத்துக்குப் பெயராக்குவது நமக்குப் பழக்கமான வேலைதான். அள்ளிக் கொடுத்தால் கர்ணன், எழுப்ப எழுப்ப எழாவிட்டால் கும்பகர்ணன், கூட இருந்தே குழி பறித்தால் சகுனி. அறிவுக்கும் நம்மிடம் ஓர் ஆள் இருந்தார். தேவர்களுக்கே குருவான பிருகஸ்பதி. அவரை நாம் என்ன கதிக்கு ஆளாக்கினோம் என்பது ஊரறிந்தது. "சரியான பிருகஸ்பதி" என்று யாராவது சொன்னால் சொல்லப்பட்டவர் சந்தோஷப்படுவதில்லை. கிராம சபையில் நடந்ததைப் பார்த்தால் ஐன்ஸ்டீனும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறார், கொஞ்சம் பின்னால்.

ஆனால் இவர்களுக்கும் அவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கர்ணன் ஏன் கர்ணன் என்று, சந்தையில் மலைப்பூண்டு விற்கும் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்ததிலிருந்து ஆரம்பித்து, உங்கள் பஸ் போகும் வரை சொல்வார். ஐன்ஸ்டீன் ஏன் ஐன்ஸ்டீன் என்று, பி.எஸ்சி. முடித்தவரைக் கேளுங்கள். "ஈ ஈக்வல் டு எம்.சி. ஸ்கொயர்" என்பார். அப்புறம் அணுகுண்டு என்பார். அணுகுண்டு செய்த திட்டத்தில் அவர் வேலையே பார்க்கவில்லை; ஜெர்மனி முந்திக்கொள்ளும் என்று எச்சரித்து 1939இல் அமெரிக்க அதிபருக்குப் போன கடிதத்தில் கையெழுத்திட்டார், அவ்வளவுதான். கர்ணனும் சகுனியும் தங்கள் கதையைச் சுமந்துகொண்டு சொல்லானவர்கள். இவரோ கதையைக் கீழே போட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வந்தவர். கதையை விட்டுவிட்டதால்தான் இவ்வளவு தூரம் வர முடிந்தது என்பது என் கட்சி.

அது எப்படி நடந்தது என்பதற்குத் தேதியே இருக்கிறது. 1905இல் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா மாதிரி உட்கார்ந்துகொண்டு அவர் எழுதிய கட்டுரைகள் இயற்பியலைப் புரட்டிப்போட்டன. அதனால் அவருடைய பெயர் இயற்பியல்காரர்களுக்குத் தெரிந்தது. 1915இல் பொதுச் சார்பியல் கொள்கையை முடித்தார். அப்போதும் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. பெரிய நிறை உள்ள பொருளின் அருகே ஒளியின் பாதை வளையும், சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு) விலகும் என்று அவர் கணக்குச் சொன்னது. சூரியனை ஒட்டி விண்மீனைப் பார்க்க வேண்டுமானால் முழு கிரகணம் வேண்டும். 1919 மே 29 அன்று அப்படி ஒரு கிரகணம் வந்தது. இங்கிலாந்து வானியலாளர் எடிங்டன் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் பிரின்சிபி தீவிலும், இன்னொரு குழு பிரேசிலின் சோப்ராலிலும் படம் எடுத்தார்கள். நவம்பர் 6 அன்று லண்டனில் முடிவைப் படித்தார்கள். மறுநாள் லண்டன் 'டைம்ஸ்' அறிவியலில் புரட்சி, நியூட்டன் கருத்துகள் கவிழ்ந்தன என்று தலைப்புப் போட்டது. 10ஆம் தேதி 'நியூயார்க் டைம்ஸ்', வானத்து விளக்குகள் எல்லாம் கோணிக்கொண்டன என்று எழுதியது.

போர் முடிந்து அப்போதுதான் ஓராண்டு ஆகியிருந்தது. ஜெர்மானியத் தலைநகரில் இருப்பவர் போட்ட கணக்கை இங்கிலாந்துக்காரர்கள் கடல் கடந்து போய்ச் சரிபார்த்து, நியூட்டனைத் தாங்களே இறக்கி வைத்தார்கள் என்பது எந்த ஊர்ப் பத்திரிகைக்கும் கசக்காத செய்தி. அதற்கு மேல் இன்னொன்றும் சேர்ந்தது. இந்தக் கொள்கை புரிந்தவர்கள் உலகத்தில் பன்னிரண்டு பேர்தான் என்று அந்த நியூயார்க் செய்தியிலேயே போட்டார்கள். கவனியுங்கள், புரியாது என்பது அங்கே குறையாகச் சொல்லப்படவில்லை, அதுதான் விளம்பரமே. புரிந்துகொள்ள வேண்டிய கடமையிலிருந்து வாசகருக்கு விடுதலை கொடுத்துவிட்டு, வியப்பதற்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். கருவறைக்குள் போக முடியாதவன் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவது நமக்குப் புதிதா என்ன. அதன் பிறகு தலைமுடி, வயலின், காலுறை போடாத கால், 1951 பிறந்த நாளன்று புகைப்படக்காரரைப் பார்த்து நீட்டிய நாக்கு என்று ஒவ்வொன்றாகக் கோபுரத்தில் ஏறின.

இப்போது என் ஊருக்கு வருகிறேன். ஏனென்றால் அந்த வருஷங்களில் ஐன்ஸ்டீனின் அதே கொள்கையை வேறொரு பக்கத்திலிருந்து இங்கே ஒருவர் அளந்துகொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் அப்சர்வேட்டரி என்றால் முதலில் பஸ் நிறுத்தம், அப்புறம் அந்த வட்டாரம், கடைசியில்தான் சூரிய ஆய்வகம். அது வந்த காரணம் பஞ்சம். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துச் சுண்ணாம்பான பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி அரசாங்கத்தை உறுத்தியது. சூரியனை நாள் தவறாமல் பார்க்க உயரமான, தூசியில்லாத இடம் தேடி, 2,343 மீட்டர் உயரத்தில் இந்தக் குன்றைப் பிடித்தார்கள். 1899இல் நுங்கம்பாக்கத்து வான் ஆய்வகத்தின் வேலை இங்கே மாறியது. மழைக்கும் கரும்புள்ளிக்கும் நேரான கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. சூரியன் கிடைத்தது.

1907இல் ஜான் எவர்ஷெட் வந்து சேர்ந்தார். வயது நாற்பதைக் கடந்திருந்தது. அதுவரை இங்கிலாந்தில் வேறு பிழைப்பு. வானியல் அவருக்கு ஓய்வு நேர ஈடுபாடு. 1909 ஜனவரி 5 அன்று காலை, சூரிய விளிம்பை ஒட்டியிருந்த கரும்புள்ளிகளின் நிறமாலையைப் படம் எடுத்தார். நிறமாலை என்பது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து விரித்த பட்டை; அதில் குறுக்கே நூற்றுக்கணக்கில் கரிய கோடுகள் இருக்கும். ஒளி தரும் வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். கரும்புள்ளியைச் சுற்றியுள்ள சாம்பல் நிற வளையத்தில் கோடுகள் சாய்ந்திருந்தன. ஒரு பக்கம் சிவப்பு நோக்கி, மறு பக்கம் நீலம் நோக்கி. வாயு சுழலும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். அது நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கிடைவாட்டில் பாய்ந்துகொண்டிருந்தது, வினாடிக்கு இரண்டு கிலோமீட்டர் போல. இன்று உலகம் முழுவதும் சூரியனைப் படிப்பவர்கள் எவர்ஷெட் விளைவு என்று சொல்வது இதைத்தான்.

அடுத்து வந்ததுதான் நம் கதை. நிறை அதிகமான இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டீன் கணக்கு. அப்படியானால் சூரியனிலிருந்து வரும் ஒவ்வொரு கோடும், வாயு அசையாமல் நின்றாலும்கூட, கொஞ்சம் சிவப்பு நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். எவ்வளவு? அலைநீளத்தில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. வேகமாக மாற்றிச் சொன்னால் வினாடிக்கு 0.6 கிலோமீட்டர் சொச்சம். கரும்புள்ளியில் பாயும் வாயுவே இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் கோட்டை அசைக்கிறது. அந்த இரைச்சலுக்கு நடுவே இந்த முணுமுணுப்பைக் கேட்க வேண்டும். இந்தச் சிவப்பு நகர்வு இல்லை என்று ஆகிவிட்டால் தன் கொள்கை நிற்காது என்று ஐன்ஸ்டீனே எழுதி வைத்தார். கிரகணத்துக்குக் கொட்டிய மையில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கொட்டப்படவில்லை.

எவர்ஷெட் அதை அளந்த விதம் எனக்கு எப்போதும் வியப்பு. கண்ணாடிப் பிளேட்டில் எடுத்த நிறமாலையின் நெகட்டிவ் மேல், அதே படத்தின் பாசிட்டிவை வைப்பார். கரிய கோடும் வெளிறிய கோடும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தினால் இரண்டும் மறைந்து ஒரே சீரான சாம்பல் நிறமாகிவிடும். நூலிழை தப்பினாலும் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கீற்று காட்டிக் கொடுத்துவிடும். கோட்டின் நடு எங்கே என்று கண்ணால் மதிப்பிடும் வேலையை, கோடு மறைகிறதா இல்லையா என்று பார்க்கும் வேலையாக மாற்றிவிட்டார்.

ஐன்ஸ்டீன் தலைப்புச் செய்தி ஆவதற்கு முன்பே, எவர்ஷெட்டும் உடன் பணியாற்றிய ராய்ட்ஸும் சூரியக் கோடுகள் சிவப்பு நோக்கி நகர்ந்திருப்பதை வெளியிட்டிருந்தார்கள். பெர்லினிலிருந்த வானியலாளர் எர்வின் ஃபிராய்ண்ட்லிக் 1914லேயே அந்த அளவுகளை எடுத்து ஐன்ஸ்டீன் கணிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். (அதே ஆண்டு ஆகஸ்டில் கிரகணம் பார்க்கக் கிரிமியாவுக்குப் போனார். போர் மூண்டது. கருவிகளோடு அவரை ரஷ்யர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அன்று படம் எடுத்திருந்தால் அந்தப் பெயர் ஐந்து ஆண்டு முன்னதாகவே சொல்லாகியிருக்குமா என்றால், ஆகியிருக்காது. 1914இல் ஐன்ஸ்டீன் சொல்லியிருந்த விலகல் சரியான அளவில் பாதிதான்.)

ஆனால் அளவுகள் ஒழுங்காக உட்காரவில்லை. சூரிய வட்டத்தின் நடுவில் நகர்வு குறைவு, விளிம்பில் அதிகம். ஐன்ஸ்டீன் சொன்னபடி எங்கும் ஒரே அளவாக அல்லவா இருக்க வேண்டும்? அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் செயின்ட் ஜான் என்ற வானியலாளர் 1917இல் அப்படி ஒரு நகர்வைக் காணோம் என்றே எழுதினார். எவர்ஷெட் பிடிவாதக்காரர். பூமிக்கே ஏதோ ஒரு தாக்கம் இருந்து, நம் பக்கம் பார்த்த ஒளியை மட்டும் மாற்றுகிறதோ என்றுகூடச் சந்தேகப்பட்டார். அதைச் சோதிக்க, சூரியன் பூமிக்குக் காட்டாத பக்கத்து ஒளியை, வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பி வரும்போது பிடித்து நிறமாலை எடுத்தார். கொடைக்கானல் குன்றில் உட்கார்ந்துகொண்டு சூரியனின் முதுகைப் பார்க்க வெள்ளியைக் கண்ணாடியாகப் பயன்படுத்திய ஆள்! 1922 செப்டம்பர் 21 கிரகணத்துக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் வாலல் என்ற மணல் கரைக்குக் கருவிகளோடு போனார். கருவிக் கோளாறு; படம் தேறவில்லை. பக்கத்திலேயே முகாம் போட்டிருந்த கலிபோர்னியாக்காரர்களின் படங்கள் ஐன்ஸ்டீனுக்குச் சாட்சி சொல்லின. எவர்ஷெட் 1923இல் ஓய்வு பெறும் தறுவாயில், சிவப்பு நகர்வில் ஐன்ஸ்டீனின் பங்கு இருக்கிறது என்ற பக்கம் வந்திருந்தார்.

நடுவில் ஏன் குறைவு என்பதற்கான விடை பின்னாளில் தெளிவானது. சூரியப் பரப்பில் சூடான வாயு மேலே வந்துகொண்டும் ஆறியது கீழே போய்க்கொண்டும் இருக்கிறது. மேலே வருவது அதிகப் பிரகாசம். அது நம்மை நோக்கி வருவதால் கோட்டை நீலப் பக்கம் இழுத்து, ஐன்ஸ்டீன் நகர்வில் ஒரு பகுதியை அழித்துவிடுகிறது. விளிம்பில் அந்த ஏற்றஇறக்கம் நமக்குப் பக்கவாட்டில் நடப்பதால் அழிவு இல்லை. ஆக, இங்கே எடுத்த பிளேட்டுகள் பொய் சொல்லவில்லை. ஒரே நகர்வுக்குள் இரண்டு கதைகள் இருந்தன, அவ்வளவுதான். ஐன்ஸ்டீன் சொன்ன இந்த நகர்வைப் பூமியிலேயே ஐயமற நிறுவியது 1960இல், ஹார்வர்டில், வெறும் 22.5 மீட்டர் உயரக் கோபுரத்தில்.

எவர்ஷெட்டுக்கு மரியாதை கிடைக்காமலில்லை. 1915இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். லண்டன் ராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் அவருக்கு 1918இல் கிடைத்தது. ஐன்ஸ்டீனுக்கு அதே பதக்கம் 1926இல்தான். நம் அஞ்சல் துறைகூட 2008இல் எவர்ஷெட் பெயர் கொண்ட விளைவுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ஆனால் புல்லியில் டியூப் சுற்றிய பையனை "பெரிய எவர்ஷெட்" என்று இந்தக் குன்றில்கூட யாரும் சொல்வதில்லை. எவர்ஷெட்டின் மனைவி மேரி, தாந்தேயின் காவியத்தில் வரும் வானியலைப் பற்றிப் புத்தகம் எழுதியவர், கணவரோடு சேர்ந்து சூரியச் சுவாலைகள் பற்றிய பெரிய ஆய்வறிக்கையில் பெயர் போட்டவர். அவரைப் பற்றி இங்கே கேட்டால் "யாரு, துரைசானியா?" என்பார்கள்.

அறிவியலில் ஒருவர் பெயர் சொல்லாக மாற இரண்டு வழி இருக்கிறது. ஒன்று எவர்ஷெட் போன வழி. வில்சன்-பாப்பு விளைவு என்று, இதே ஆய்வகத்துக்கு 1960இல் இயக்குநராக வந்த வேணு பாப்புவின் பெயரும் அந்த வழியில்தான் நிற்கிறது. மின்கட்டண அட்டையில் வாட் இருக்கிறார், பேட்டரியில் வோல்டா இருக்கிறார். 1924இல் டாக்காவிலிருந்து தன் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கே அனுப்பி, அவரே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து அச்சேற்றும்படி செய்த சத்யேந்திரநாத் போஸ், போசான் என்று ஒரு துகள் குடும்பத்துக்கே குலப்பெயர் ஆனார். இந்தச் சொற்களைச் சொல்பவருக்கு அவை எதைக் குறிக்கின்றன என்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் சொன்னால் கணக்குத் தப்பும். இன்னொரு வழி ஐன்ஸ்டீன் போனது. அங்கே தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதே போஸும் இயற்பியலாளர் மேகநாத் சாகாவும் 1920இல், ஐன்ஸ்டீன் ஊர் பேச்சாகி ஓராண்டுகூட ஆகாத நேரத்தில், அவருடைய சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் வழியாக வெளியிட்டார்கள். இருவரும் அப்போது முப்பதைத் தொடாதவர்கள். உலகமே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள்.

என் பெரியப்பா அப்சர்வேட்டரியில் வேலை பார்த்தவர். விஞ்ஞானி அல்ல, பிளேட் கழுவும் இருட்டறையில் உதவியாளர். சனிக்கிழமையிலும் அவர் விரல் நகங்கள் மருந்துக் கறையில் பழுப்பாகத்தான் இருக்கும். விடியற்காலையில் திண்ணையில் நின்று வானத்தைப் பார்ப்பார். மேகம் இல்லாவிட்டாலும் சில நாள் உதட்டைப் பிதுக்கி "சீயிங் சரியில்லை" என்பார். காற்று அசைந்து சூரியனின் பிம்பம் கலங்குவதைக் குறிக்க அங்கே எல்லோரும் சொல்லும் வார்த்தை அது. வெயில் ஏறித் தரை சூடாவதற்கு முந்தைய ஓரிரு மணி நேரம்தான் நல்ல சீயிங் கிடைக்கும். எங்கள் வீட்டில் அது எல்லாவற்றுக்கும் ஆயிற்று. பெரியம்மா கோபமாக இருந்தால், "இன்றைக்குச் சீயிங் சரியில்லை, சாயங்காலம் வா" என்று என்னை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்.

ஒருமுறை சுரங்கத் தொலைநோக்கியைக் காட்ட அழைத்துப்போனார். பெயர்தான் சுரங்கம், நீளமான இருட்டு அறை. கோபுரத்தின் உச்சியில் கண்ணாடிகள் சூரியனைப் பிடித்துக் கீழே தள்ள, அறுபது மீட்டர் நீளச் சுரங்கத்தின் முனையில் சூரியன் 34 சென்டிமீட்டர் வட்டமாக விழும். வெள்ளைப் பலகையில் அது தாம்பாளம்போல் நிற்கும் என்று நினைத்துப் போனேன். அது நிற்கவே இல்லை, விளிம்பெல்லாம் துடித்துக்கொண்டிருந்தது. ஓர் ஓரத்தில் கரும்புள்ளி ஒன்று, சுற்றிலும் சாம்பல் இழைகள். பெரியப்பா அதன் அருகே சுண்டு விரலைக் கொண்டுபோய், தொடாமல், "இந்த அளவில் நம் பூமி ஒரு மிளகுகூட இல்லை" என்றார். இந்தச் சாம்பல் இழைகளில்தான் எவர்ஷெட் பாய்ச்சலைக் கண்டார் என்று அவர் சொல்லவில்லை. "அங்கேதான் ஓடும்" என்றார். எது ஓடும் என்று கேட்டபோது, "வாயு. வெளியே ஓடும். தினமும் ஓடும்" என்றார். மேதை, அறிவாளி என்ற சொற்கள் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. வேலையில் இருந்தவர்களை அவர் இரண்டே வகையாகப் பிரிப்பார்: பிளேட்டை ஓரத்தில் பிடிப்பவர், நடுவில் பிடிப்பவர். நடுவில் பிடித்தவர்களில் பட்டம் பெற்றவர்கள் உண்டு என்பதை மட்டும் தவறாமல் சேர்ப்பார்.

1904 முதல் மேகம் விட்ட நாள்களில் எல்லாம் சூரியனைப் படம் பிடித்த வேலை அது. எடுத்தவர்களின் பெயர் எந்த விளைவுக்கும் இல்லை. அவர்களில் யாரையும் நாம் சொல்லாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் வேறிடத்தில்.

டியூஷனில் ஒரு பையன் சற்று வேகமாகக் கணக்குப் போட்டால், பக்கத்துப் பெஞ்சே "ஐன்ஸ்டீன்" என்று கத்துகிறது. அடுத்த வாரம் முதல் அந்தப் பையன் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிடுகிறான். ஐன்ஸ்டீன் சந்தேகம் கேட்கலாமா? இதை நான் பலமுறை பார்த்தாகிவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அந்தப் பெயரே அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒளியியல் கணக்கை வகுப்பிலேயே நன்றாகப் போடும் பெண்ணை "நன்றாக உழைக்கிற பிள்ளை" என்கிறார்கள். இரண்டு நோபல் வாங்கிய மேரி கியூரியின் பெயர்கூட அவள் மேல் விழுந்து நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லுக்கு மீசை உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், மதிப்பெண் குறைந்தால் பெற்றோர் கையில் எடுக்கும் ஆறுதல் ஒன்று இருக்கிறது: ஐன்ஸ்டீனே கணக்கில் தோற்றவராம். தோற்கவில்லை. பதினைந்து வயதுக்கு முன்பே நுண்கணிதம் தனக்குக் கைவந்துவிட்டது என்று அவரே பின்னாளில் சொல்லி மறுத்திருக்கிறார். பதினாறு வயதில் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரி நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்கவில்லை. அப்போதும் கணக்கும் இயற்பியலும் நன்றாகவே எழுதியிருந்தார். உண்மையிலேயே தேர்வில் தோற்றவர் நம் ராமானுஜன். கணக்கைத் தவிர மற்றவற்றைத் தொடாமல் விட்டு, உதவித்தொகையை இழந்து, பிறகு எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்விலும் தேறாமல் போனவர். ஆனால் ராமானுஜன் பெயரை நாம் கணக்குக்கு மட்டும்தான் தருகிறோம். கோவை ஜி.டி. நாயுடு எதை எதையோ செய்தும், அவரைப் பாராட்ட "இந்தியாவின் எடிசன்" என்று வெளியூர்ப் பெயர் ஒன்றைத்தான் கடன் வாங்கினோம். எதற்கும் பொருந்தும் பொதுச் சாவியாக ஐன்ஸ்டீன் ஒருவர்தான் வாய்த்தார். மோட்டாருக்கும் அவர்தான், குடிநீர்க் குழாய்க்கும் அவர்தான்.

அவரும் நன்றாகத் தடுமாறியவர். ஈர்ப்பலைகள் இருக்கும் என்று சொன்னவர், 1936இல் இல்லை என்று ஒரு கட்டுரை எழுதி அனுப்பி, அதில் பிழை இருப்பது தெரிந்து திருத்திக்கொண்டார். நோபல் பரிசு கிடைத்தது சார்பியலுக்கு அல்ல, ஒளிமின் விளைவுக்கு. இவற்றைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் மாறுகிறது. சிலருக்கு ஏமாற்றம், சிலருக்கு நிம்மதி. வத்தலக்குண்டு மலைப்பாதையில் போன் வழிகாட்டுகிறதே, அதற்குத் தகவல் தரும் செயற்கைக்கோள் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடி முந்தி ஓடும், ஐன்ஸ்டீன் கணக்கால் அதைத் திருத்தாவிட்டால் நாளுக்குப் பத்துக் கிலோமீட்டர் தப்பும் என்று சொன்னேன். "அப்படியானால் வண்டி பெருமாள்மலையில் நிற்கும், போன் கொடைக்கானல் என்று சொல்லும்" என்றான் ஒருவன். அவனை யாரும் ஐன்ஸ்டீன் என்று கத்துவதற்குள் அடுத்த கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டேன்.

பெரியப்பா காலத்துப் பிளேட்டுகளை இப்போது கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். நாள்வாரியாகத் தேடிப் பார்க்கலாம். இந்த ஆண்டு சூரியன் பற்றிய பாடம் வந்தபோது, வீட்டில் யாருடைய பிறந்த நாளையாவது கேட்டு வாருங்கள், அன்று சூரியனில் எத்தனை கரும்புள்ளி என்று பார்ப்போம் என்றேன். பாதிப் பேர் அம்மாவின் பிறந்த நாளைக் கேட்டு வந்தார்கள். "உழைக்கிற பிள்ளை" என்று சொன்னேனே, அந்தப் பெண்ணின் அம்மா நவம்பரில் பிறந்தவர். அந்தத் தேதிக்குப் படம் இல்லை. முந்தைய நாளும் இல்லை, மறுநாளும் இல்லை. வடகிழக்குப் பருவமழை. மற்றவர்கள் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்க, அவள் அந்த ஆண்டின் நவம்பர் முழுவதையும் ஒவ்வொரு தேதியாகத் திறந்து, எந்தெந்த நாள் படம் இல்லை என்று நோட்டில் குறித்தாள். பிறகு அடுத்த ஆண்டு நவம்பர். ஏன் என்று கேட்டேன். "புள்ளியை வைத்து மழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றீர்களே சார். படம் இல்லாத நாளை வைத்துப் பழைய மழையைக் கண்டுபிடிக்கலாம் இல்லையா?" என்றாள்.

மேகம் இருந்தாலே படம் இருக்காது, மழை பெய்திருக்க வேண்டும் என்பதில்லை என்றேன். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. மழையளவுப் பதிவேடு எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.